டுரான்ட் போன கோடை

மே 28, 2016, சனி இரவு

அரங்கத்திலிருந்து வந்து ஒரு மணி நேரமாகிறது. தொண்டை கட்டிவிட்டது. பையன் வண்டியிலேயே தூங்கிப்போனான், தூக்கிக்கொண்டு வந்து படுக்கவைத்தேன்.

'லவுட் சிட்டி' என்று பேர் வைத்திருக்கிறார்களே, அந்த மேல்தட்டில் இரண்டு டிக்கெட். என்ன விலை என்று இவளிடம் பாதிதான் சொல்லியிருக்கிறேன் (இதைப் படிப்பாள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்). இன்று ஜெயித்தால் நம்ம ஓக்லஹோமா சிட்டி கூடைப்பந்து அணிக்கு என்.பி.ஏ. இறுதிச்சுற்று. எதிரே இருப்பது இந்த சீசனில் 82 ஆட்டத்தில் 73 ஜெயித்த கோல்டன் ஸ்டேட். ஏழு ஆட்டத் தொடரில் அவர்களை மூன்றுக்கு ஒன்று என்று முடக்கி வைத்திருந்தோம். ஐந்தாவது அவர்களுக்குப் போனது. போகட்டும், ஆறாவது நம்ம ஊரில்தானே என்று இருந்தோம்.

கடைசிக் கால்பகுதி ஆட்டம் தொடங்கும்போது எட்டுப் புள்ளி முன்னால் இருந்தோம். அப்புறம் அவர்களுடைய கிளே தாம்சன். மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே எங்கே நின்று எறிந்தாலும் விழுகிறது. மொத்தம் பதினொன்று. பிளேஆஃபில் ஒரே ஆட்டத்தில் இத்தனையை யாரும் போட்டதில்லை. நம்ம நட்சத்திரம் டுரான்ட் 31 முறை எறிந்தான், பத்துதான் உள்ளே போனது. 108–101, தோற்றோம்.

முன்வரிசையில் ஒரு பாட்டி. இருக்கைக்கு ஒன்றாக இலவசமாகப் போட்டிருந்த டீ-சட்டையை ஜாக்கெட்டுக்கு மேலே மாட்டியிருந்தார். ஒரு நிமிஷத்துக்கு மேல் நேரம் இருக்கும்போதே அதைக் கழற்றி, நீவி, நாலாக மடித்துக் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்தார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

மே 30, திங்கள்

அவர்கள் ஊரான ஓக்லண்டில் ஏழாவது ஆட்டம். 96–88, தோற்றோம். எழுத ஒன்றுமில்லை.

ஓக்லண்ட் பக்கத்து ஃப்ரீமான்டிலிருந்து மச்சினன் போன் பண்ணினான். "அத்தான், நல்லாத்தான் ஆடுனீங்க" என்றான். நான் எங்கே ஆடினேன்? அவன் குரலில் இருந்த இரக்கத்துக்குத் திட்டியிருந்தாலே தேவலை.

ஜூன் 19, ஞாயிறு

இறுதிச்சுற்றில் கோல்டன் ஸ்டேட்டைக் கிளீவ்லண்ட் ஜெயித்துவிட்டது. இவர்களும் மூன்றுக்கு ஒன்று பின்னால் இருந்து வந்தவர்கள்தான். 93–89. இகுவடாலா சுலபமாகப் போடவிருந்த பந்தைப் பின்னாலிருந்து ஓடிவந்து கிளீவ்லண்டின் லெப்ரான் பலகையோடு அறைந்ததை நாலு தடவை திருப்பிப் போட்டுப் பார்த்தேன். அந்த ஊருக்கு 52 வருஷத்தில் எந்த விளையாட்டிலும் கிடைத்த முதல் பெரிய கோப்பை.

இதே ஊர்தான் 2010-ல் லெப்ரான் சட்டையைத் தெருவில் போட்டுக் கொளுத்தியது. டிவியில் ஒரு மணி நேர நிகழ்ச்சி வைத்து, மயாமிக்குப் போகிறேன் என்று அறிவித்தான். அப்படி ஆற அமர உட்கார்ந்து சொன்னது அசட்டுத்தனம், சந்தேகமில்லை. ஆனால் அன்று ராத்திரியே அணியின் முதலாளி டான் கில்பர்ட், கோழை, துரோகி என்கிற தொனியில் ஒரு பகிரங்கக் கடிதம் போட்டார் பாருங்கள், அதுவும் பள்ளிக்கூட விழா நோட்டீஸுக்குப் போடுகிற 'காமிக் சான்ஸ்' எழுத்தில். லெப்ரானுக்கு முன்னால் நாங்கள் கோப்பை வாங்குவோம் என்று அதில் சத்தியம் வேறு. லெப்ரான் மயாமியில் இரண்டு வாங்கினான். 2014-ல் திரும்பிவந்து அந்த முதலாளிக்கும் இன்று ஒன்று வாங்கிக்கொடுத்துவிட்டான்.

அந்த 2010 வாரத்தில் எல்லோரும் டுரான்டைக் காட்டித்தான் லெப்ரானுக்குப் புத்தி சொன்னார்கள். லெப்ரான் நிகழ்ச்சிக்கு முந்தின நாள், ஓக்லஹோமாவில் இன்னும் ஐந்து வருஷம் என்று ட்விட்டரில் ஓரிரு வரி எழுதிவிட்டு வேலையைப் பார்க்கப் போனவன் அவன். தங்கமான பையன் என்றார்கள். அந்த ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது.

ஜூன் 23, வியாழன்

நம்ம இபாக்காவை ஒர்லாண்டோவுக்கு டிரேட் பண்ணிவிட்டார்கள். பதிலுக்கு ஒலடிப்போவும் இன்னும் இரண்டு பேரும் வருகிறார்கள். ஏழு வருஷம் இங்கே ஆடியவன். ஆபீஸில் எல்லோரும் "நல்ல டிரேட், டுரான்டைத் தக்கவைக்க உதவும்" என்கிறார்கள். நானும்தான் சொன்னேன். இபாக்காவை யாரும் கேட்கவில்லை. 2012-ல் நாலைந்து மில்லியன் டாலர் இழுபறியில் நம்மிடம் ஆடிய ஹார்டனை ஹூஸ்டனுக்கு அனுப்பியபோதும் அவனை யாரும் கேட்கவில்லை.

ஜூன் 30, வியாழன்

இன்று நம்ம ஆட்கள் டுரான்டோடு உட்கார்ந்து பேசினார்களாம். நாளையிலிருந்து நியூயார்க் பக்கம் ஹாம்ப்டன்ஸில் ஒரு வாடகை வீட்டில் மற்ற அணிகள் வரிசையாக வரும். பெண் பார்க்கிற படலம் மாதிரி இருக்கிறது, பஜ்ஜி சொஜ்ஜி யார் தரப்பு என்றுதான் தெரியவில்லை.

கோல்டன் ஸ்டேட் பேர் அடிபடுவது எப்படி என்று இவள் கேட்டாள். ஏற்கெனவே மூன்று நட்சத்திரங்கள் இருக்கிற இடத்தில் நாலாவதுக்கு ஏது காசு? நியாயமான கேள்வி. ஒவ்வொரு அணிக்கும் சம்பள உச்சவரம்பு உண்டு. போன சீசனில் 70 மில்லியன். புது டிவி ஒப்பந்தத்தின் பணம் வருவதால் இந்த வருஷம் ஒரே தாவில் 94 மில்லியன். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம் என்று லீக் சொன்னது, வீரர்கள் சங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. அதோடு அவர்களுடைய நட்சத்திரம் ஸ்டெஃப் கரி 2012-ல் கணுக்கால் தகராறில் இருந்தபோது நாலு வருஷத்துக்கு 44 மில்லியன் என்று சல்லிசாகக் கையெழுத்துப் போட்டிருந்தான், அது இன்னும் ஒரு வருஷம் ஓடுகிறது. இரண்டும் இந்த ஒரே கோடையில் வந்து கூடியிருக்கின்றன. போன வருஷம் இது நடந்திருக்காது, அடுத்த வருஷமும் நடக்காது.

"அப்ப போயிருவான்" என்றாள். கணக்கு முடிந்த மாதிரி எழுந்து போய்விட்டாள்.

ஜூலை 2, சனி

பாஸ்டன்காரர்கள் அமெரிக்கன் ஃபுட்பால் நட்சத்திரம் டாம் பிரேடியையே கூட்டிக்கொண்டு போனார்களாம். கோல்டன் ஸ்டேட் நேற்றே கரி, தாம்சன், கிரீன், இகுவடாலா என்று படையாகப் போய் வந்துவிட்டது.

ஆபீஸில் சியாட்டிலிலிருந்து வந்தவர் ஒருவர் இருக்கிறார், ஐம்பத்தைந்து வயதிருக்கும். எட்டு வருஷத்தில் ஒரு ஆட்டம்கூடப் பார்க்க வந்ததில்லை. இன்று கடையில் பார்த்தபோது கேட்டார்: "என்ன, தூக்கம் வருகிறதா?"

இன்றைய தேதி அவருக்கு மறக்காது. 2008 ஜூலை 2-ஆம் தேதிதான் சியாட்டில் நகராட்சிக்கு 45 மில்லியன் டாலர் என்று பேசி வழக்கை முடித்து, 41 வருஷம் அங்கே இருந்த சூப்பர்சானிக்ஸ் அணியை இங்கே பெயர்த்துக்கொண்டு வந்தார்கள். டுரான்ட் முதல் வருஷம் ஆடியது அங்கேதான். நம்ம ஊர்க்காரர்கள் அதே வருஷம் டாலருக்கு ஒரு சென்ட் கூடுதல் விற்பனை வரிக்கு ஓட்டுப் போட்டு அரங்கத்தைச் செப்பனிட்டார்கள். அப்போது யாரும் சியாட்டிலைப் பற்றி யோசித்திருக்க மாட்டார்கள். எனக்கே இன்றைக்குத்தான் அவர் முகத்தைப் பார்த்துப் பேசக் கூச்சமாக இருந்தது. அணியே ஊரை விட்டுப் போனால் அது வியாபாரம். ஆள் போனால்?

"உங்களுக்கு மேட்ச் பார்க்கவாவது ஒரு அணி மிஞ்சும்" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, தக்காளி பொறுக்கிக்கொண்டே சொன்னார்.

ஜூலை 4, திங்கள்

போய்விட்டான்.

காலையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். தி பிளேயர்ஸ் டிரிப்யூன் தளத்தில் சின்னதாக ஒரு கட்டுரை போட்டிருக்கிறான். பலரை ஏமாற்றப்போவது வலிக்கிறது என்று எழுதியிருக்கிறான். கடைசியில்தான் கோல்டன் ஸ்டேட் என்ற பேரே வருகிறது. மச்சினன் கூப்பிட்டான், எடுக்கவில்லை. அவனும் புரிந்துகொண்டு ஒரு மெசேஜோடு நிறுத்திக்கொண்டான்: "அத்தான், நான் ஒண்ணும் சொல்லல."

மதியத்துக்குள் அவனுடைய 35-ஆம் எண் சட்டை எரிகிற வீடியோ நாலைந்து வந்துவிட்டது. வெளியே சுதந்திர தின வெடி. எது சட்டை எரிகிற புகை, எது வெடிப்புகை என்று தெரியாத நாள்.

பையனின் 35 கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. இவள் அதை எடுத்து மடித்தாள். "துட்டு குடுத்து வாங்குனதை எரிக்கிறதாம்ல. ஊருக்குப் போறப்ப அண்ணன் மகனுக்குக் குடுத்தா போட்டுக்கிடுவான்." ஊருக்குப் போகிற பெட்டியில் வைத்துவிட்டாள். பழைய ஷூ, பாதாம் பாக்கெட், டுரான்ட்.

ஜூலை 5, செவ்வாய்

ஆபீஸில் வேலை நடக்கவில்லை. ஒரு தரப்பு துரோகி என்கிறது. இன்னொரு தரப்பு, "உனக்கு நல்ல கம்பெனியில் வேலை கிடைத்தால் போக மாட்டாயா?" என்கிறது. இந்த இரண்டாவது வாதம் எனக்கு ரொம்ப நாளாகவே பிடிக்காது. நான் போனால் பிரிவு உபசாரத்துக்கு ஒரு கேக் வெட்டுவார்கள், அவ்வளவுதான். என் பேர் போட்ட சட்டையை யாரும் வாங்கவில்லை. தவிர, விசா வைத்திருக்கிற எங்களைப் போன்றவர்களிடம் வந்து, நினைத்தால் வேலை மாறலாமே என்பதே ஒரு தமாஷ்.

ஆனால் 'துரோகி' என்பதும் ஒட்டவில்லை. அவன் ஓக்லஹோமாவைத் தேர்ந்தெடுத்து வரவில்லை. டிராஃப்டில் எடுத்தது சியாட்டில், கூட்டிவந்தது முதலாளி. ஐபிஎல் ஏலம் மாதிரிதான். சென்னைக்குத் தடை வந்ததும் தோனி இந்த வருஷம் புனேக்கு ஆடினார், நாம் யாரும் கோபப்படவில்லை. அவரா தேர்ந்தெடுத்தார்? ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரன் விரும்பிய இடத்துக்குப் போகலாம் என்கிற உரிமையே இங்கே லேசில் வரவில்லை. ஆஸ்கர் ராபர்ட்சன் வீரர்கள் சங்கத் தலைவராக 1970-ல் வழக்குப் போட்டு, 1976-ல் சமரசமாகி, 1988-ல்தான் முழுசாகக் கைக்கு வந்தது. அதில் முதலில் போனவர் டாம் சேம்பர்ஸ். எந்த ஊரை விட்டு என்று பார்த்தால், சியாட்டிலை விட்டு! அந்த ஊருக்கு ராசியே இல்லை.

அப்படியானால் எனக்கு ஏன் வயிறு எரிகிறது? நேற்று ராத்திரி தூங்காமல் இதைத்தான் புரட்டிக்கொண்டிருந்தேன். பாஸ்டனுக்குப் போயிருந்தால் வருத்தப்பட்டிருப்பேன், வாழ்த்தியிருப்பேன். 2013-ல் இங்கே பக்கத்தில் மூரில் அடித்த சூறாவளிக்கு மறுநாளே ஒரு மில்லியன் டாலர் கொடுத்தவன். அந்தக் கடன் இந்த ஊருக்கு இருக்கிறது. போனதில் எனக்குச் சண்டை இல்லை. அந்தப் பதினொரு எறியை எறிந்தவன் பக்கத்தில் போய் உட்கார்ந்ததுதான் ஆறவில்லை. அடுத்த வருஷம் திரும்ப மோதுவோம் என்று நினைத்துக்கொண்டுதானே அந்தப் பாட்டி சட்டையை எரிக்காமல் மடித்து வைத்தார். அந்த மறு ஆட்டத்தைத்தான் இவன் எடுத்துக்கொண்டு போய்விட்டான். இது பாவம் இல்லை, குற்றம் இல்லை. ரசிகனாக எனக்கு நஷ்டம்.

ஜூலை 7, வியாழன்

டுவேன் வேட் நேற்று மயாமியை விட்டு சிகாகோ போய்விட்டான். பதிமூன்று சீசன், மூன்று கோப்பை. லெப்ரானுக்கு இடம் கொடுக்கத் தன் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டவன். இப்போது சிகாகோ இரண்டு வருஷத்துக்கு 47 மில்லியன் தருகிறது. இவனைத் துரோகி என்று ஒருவரும் சொல்லவில்லை! திட்டெல்லாம் நிர்வாகத்துக்கு. வேட் கையெழுத்துப் போடாமல் காத்திருந்த நாளில்தான் மயாமி அணித் தலைவர் பாட் ரைலி டுரான்டைப் பார்க்க ஹாம்ப்டன்ஸ் போயிருந்தார், அதையும் சேர்த்துத் திட்டுகிறார்கள். அதிகப் பணத்துக்குப் போனவன் பாவமாம். நம்மவன் போட்டது இரண்டு வருஷத்துக்கு 54 மில்லியன். இங்கேயே இருந்திருந்தாலும் அவ்வளவுக்குக் குறைந்திருக்காது. பணத்துக்காகப் போகவில்லை என்பதுதான் அவன்மேல் குற்றமாகிவிட்டது. காசுக்குப் போனால் மனிதன் என்று விடுகிறோம், கோப்பைக்குப் போனால் விட மாட்டோம். கோப்பை வாங்காமல் ஓய்வுபெற்றிருந்தால் 'பெரிய ஆட்டக்காரன்தான், ஆனால்...' என்று அந்த 'ஆனால்' போடுவதும் நாம்தான்.

இன்று ஓக்லண்டில் மேடையேற்றி அறிமுகம் செய்தார்கள். அங்கேயும் 35 தானாம்.

ஜூலை 11, திங்கள்

சான் அன்டோனியோவின் டிம் டங்கன் ஓய்வு. 19 சீசன், ஒரே அணி. விழா இல்லை, கண்ணீர் இல்லை, அணி ஒரு அறிக்கை விட்டது. ரேடியோவில் உடனே டுரான்டைத் திட்ட டங்கனைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். அவருக்குப் பக்கத்தில் முதல் வருஷத்திலிருந்தே டேவிட் ராபின்சன் இருந்தார், பிறகு பார்க்கர், ஜினோபிலி. தேடிப் போகவேண்டிய தேவை அவருக்கு வரவில்லை, அதை யாரும் சொல்வதில்லை. லாஸ் ஏஞ்சலஸின் கோபி பிரையன்ட்டும் இருபது சீசன் ஒரே அணிதான், ஆனால் 2007-ல் என்னை டிரேட் பண்ணுங்கள் என்று கத்தியவன்தானே.

ஆகஸ்ட் 4, வியாழன்

நம்ம இன்னொரு நட்சத்திரம் வெஸ்ட்புரூக் இங்கேயே இருக்கக் கையெழுத்துப் போட்டுவிட்டான். ஊர் முழுக்கத் திருவிழா. விசுவாசம், விசுவாசம் என்று ரேடியோ அலறுகிறது. இந்த வருஷச் சம்பளமே 17.8 மில்லியனிலிருந்து 26.5-ஆக ஏறியிருக்கிறது என்று நான் சொன்னேன். பக்கத்து மேஜைக்காரர் முறைத்தார். எனக்கும் சந்தோஷம்தான், சாயங்காலம் ஐஸ்கிரீம் வாங்கிப் போனேன்.

ராத்திரி பையன் ஊர்ப் பெட்டியைத் திறந்து 35-ஐ வெளியே எடுத்து வைத்திருந்தான்.

"என்னடா?"

"கிறிஸ்மஸுக்கு மாமா வீட்டுக்குப் போறோம்லப்பா. மாமா மேட்ச்சுக்கு டிக்கெட் எடுக்கறேன்னு சொன்னாங்க."

"இது ஓக்லஹோமா சட்டைடா. அங்க யாரும் இதைப் போட மாட்டாங்க."

யோசித்தான். முன்பக்கம் எழுதியிருந்த 'ஓக்லஹோமா சிட்டி'யைப் பார்த்தான், திருப்பிப் பின்பக்கம் பேரைப் பார்த்தான். "முன்னாடி மட்டும் ஜாக்கெட்டை மூடிக்கலாம்ப்பா" என்றான்.

மச்சினனுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. எனக்கும் சேர்த்துத்தான் எடுக்கிறானாம்.