ஹடமார்ட் கேட்டில் தடுக்கி விழுந்தேன்: குவாண்டம் ஆராய்ச்சிக்குப் போக நினைப்பவர்களுக்கு

எம்.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டில் குவாண்டம் சர்க்யூட் எழுதிப் பார்க்க உதவும் பைத்தான் மென்பொருளான கிஸ்கிட்டில் நூறு சர்க்யூட்டாவது போட்டுப் பார்த்திருப்பேன். அந்தத் தெம்பில்தான் முதல் பிஎச்டி நேர்காணலுக்குப் போனேன். குவாண்டம் கம்ப்யூட்டரின் அடிப்படை அலகான க்யூபிட்டை 0, 1 இரண்டும் கலந்த நிலைக்குக் கொண்டுபோகும் ஹடமார்ட் கேட்டை எழுதச் சொன்னார்கள். எழுதினேன். "கணக்குப் போடாமல் இதன் ஐகன் மதிப்புகளைச் சொல்லுங்கள்." முழித்தேன். கேட் திசை மாற்றாமல் விடும் நிலைகள் எந்த எண்ணால் பெருக்கப்படுகின்றன என்பதுதான் ஐகன் மதிப்பு. இந்தக் கேட்டை இரண்டு முறை போட்டால் பழைய நிலைக்கே வந்துவிடும், அதனால் +1, −1 என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். அடுத்த கேள்வி: "ஒரு ஸ்பின்னும் காந்தப்புலமும் தருகிறோம். இதே வேலையைச் செய்ய முடியுமா?" எக்ஸ் அச்சுக்கும் இசட் அச்சுக்கும் நட்டநடுவில் புலத்தை வைத்து, குட்டிக் காந்தம் போன்ற ஸ்பின்னை அதைச் சுற்றி 180 டிகிரி திரும்பவிட்டால் போதும். காந்தப்புலத்தைச் சுற்றி ஸ்பின் பம்பரம்போல் திரும்பும், பி.எஸ்சி.யில் மனப்பாடம் செய்த லார்மர் சுழற்சிதான். கிஸ்கிட்டில் எத்தனையோ முறை எழுதிப் போட்ட கேட் அது என்று எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. பத்தே நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன்.

அப்புறம் ஆறு மாதம் கிஸ்கிட்டை மூடி வைத்துவிட்டு லீனியர் அல்ஜீப்ரா, இருநிலை அமைப்பு, ஹார்மோனிக் ஆஸிலேட்டர் மூன்றை மட்டும் கையால் போட்டுப் பழகினேன். தேர்வுகளுக்கும் அதுதான் உதவியது. பிஎச்டி சேர்க்கைக்கான ஜெஸ்ட் நுழைவுத் தேர்வை எழுதினால் சென்னை தரமணியில் உள்ள மேட்சயின்ஸ் (கணித அறிவியல் நிறுவனம்) உட்படப் பல நிறுவனங்களுக்கு ஒரே தேர்வில் விண்ணப்பிக்கலாம். சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டு வாடகைப் படி தனி. இன்ஜினியரிங் படித்தவர்கள் கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதி, பெங்களூர் ஐஐஎஸ்சியில் குவாண்டம் டெக்னாலஜி எம்.டெக். சேரலாம்.

வாய்ப்பு உண்டா என்று கேட்பவர்களுக்கு: 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த தேசிய குவாண்டம் மிஷனுக்கு 6,003.65 கோடி ரூபாய், 2030-31 வரை. அதன் நான்கு மையங்களில் குவாண்டம் தகவல்தொடர்புக்கானது சென்னை ஐஐடியில், கம்ப்யூட்டிங்குக்கானது ஐஐஎஸ்சியில். கம்பெனிகள் என்றால் பெங்களூரில் க்யூநு லேப்ஸ், க்யூபிஏஐ போல ஒரு சில.

நம் பிள்ளைகளில் பலரும் தியரி பக்கமே சாய்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் மின்தடையே இல்லாத சர்க்யூட்டால் ஆன சூப்பர்கண்டக்டிங் க்யூபிட் வேலை செய்ய 10, 20 மில்லிகெல்வின் (ஏறக்குறைய −273 டிகிரி செல்சியஸ்) குளிர் வேண்டும். அதோடு பேச ஐந்து கிகாஹெர்ட்ஸ் அளவில் மைக்ரோவேவ் சிக்னல் வேண்டும். இதற்கெல்லாம் கேபிள் இழுக்க, வெற்றிடக் கசிவு தேட, சால்டர் வைக்க, பைத்தானில் கருவியை ஓட்ட ஆள் வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டைத் தியரியில் எடுக்கலாமா, லேபில் எடுக்கலாமா என்று குழப்பமாக இருந்தால் லேபில் எடுங்கள். அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஃபெலோஷிப்புக்கும் போட்டுவையுங்கள். இரண்டு மாதம் நல்ல ஆய்வகத்தில் உட்கார்ந்தாலே இது நமக்கு ஒத்துவருமா என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது நேர்காணலில் எந்தக் கருவியைத் தொட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். கல்லூரி லேபில் வெற்றிடமே பிடிக்காத ஒரு பழைய ரோட்டரி பம்ப் செட்டப்பைக் கழற்றி, ஓ-ரிங் மாற்றி, கசிவை அடைத்த கதையைக் கொஞ்சம் கூச்சத்தோடுதான் ஆரம்பித்தேன். கசிவு எங்கே என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள், கிரீஸ் எவ்வளவு தடவினீர்கள் என்று இருபது நிமிடம் அதிலேயே போனது. ஹடமார்ட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை.