மெசேஜில் கூப்பிட்டால் யார் வருவார்கள்?

மதுரைக்கு மருமகளாக வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. நான் பிறந்து வளர்ந்தது மலேசியாவின் கிள்ளானில். கொள்ளுத்தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். நான் அவர் போன வழியிலேயே திரும்பி, விமானத்தில் திருச்சியில் வந்து இறங்கி, 14 நாளுக்குள் முடிக்க வேண்டிய வெளிநாட்டவர் பதிவை ஆன்லைனில் முடித்து, திருநகரில் ஒரு கீழ்வீட்டில் குடிவந்தேன். மொழி ஒன்றுதானே, பழகிவிடும் என்று அங்கே எல்லாரும் சொல்லித்தான் அனுப்பினார்கள். என்னை முதலில் மாட்டிவிட்டதே அந்த மொழிதான். வந்த வாரத்தில் மாடிவீட்டு அக்காவிடம் "பசியாறிட்டீங்களாக்கா?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் காலைச் சாப்பாட்டை அப்படித்தான் கேட்போம். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, பிறகு அத்தையிடம் தனியாகப் போய், மருமகள் பாய் வீட்டுப் பெண்ணா என்று விசாரித்திருக்கிறார். இங்கே அந்தச் சொல் முஸ்லிம் வீடுகளில்தான் அதிகம் புழங்குமாம். "இல்லம்மா, வேதக்காரப் பொண்ணு" என்று அத்தை சொல்லி அனுப்பியிருக்கிறார்.

கிறிஸ்துமஸுக்குப் பெரிதாக எதுவும் செய்கிற எண்ணம் எனக்கு இல்லை. கணவர் வீட்டில் இந்துக்கள். நான் மட்டும் சர்ச் பூசைக்குப் போய்விட்டு வரலாம், அம்மாவுக்கு வீடியோ கால் போட்டுக் கொஞ்சம் அழலாம், அவ்வளவுதான் திட்டம். ஆனால் டிசம்பர் முதல் வாரத்திலேயே அத்தை, யாரும் கேட்காமலேயே, ஒரு பெரிய காகித நட்சத்திரம் வாங்கிவந்து வாசலில் பல்பு போட்டுக் கட்டிவிட்டார். தெருவிலேயே நட்சத்திரம் தொங்குகிற வீடு எங்களுடையது ஒன்றுதான். அப்புறம் என்ன, பால்காரரிலிருந்து அயர்ன்காரர் வரை போகிறவர் வருகிறவர் எல்லாம் "பலகாரம் உண்டுல்ல?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். 23ஆம் தேதி சாயங்காலம் என் கணவர் வீட்டுக்குள் நுழைந்துகொண்டே, "நாளன்னிக்கு அஞ்சு மணிக்கு வாங்கன்னு மாடிவீட்டு அண்ணன்ட்ட சொல்லிட்டேன், சும்மா கேக்கும் காப்பியும்தான்" என்றார். சும்மாவாம். கையில் இருந்தது 48 மணி நேரம், வீட்டில் ஓவன் கிடையாது.

சரி, இது ஒன்றும் எனக்குப் புதிதில்லை என்று தைரியம் சொல்லிக்கொண்டேன். மலேசியாவில் பண்டிகை என்றால் திறந்த இல்ல உபசரிப்பு. காலை பத்து மணிக்குக் கதவைத் திறந்து வைத்தால் இரவு வரை ஆள் வந்துகொண்டே இருக்கும். தீபாவளிக்கு நம் வீடு, பெருநாளுக்கு மலாய்க்காரர் வீடு, சீனப் புத்தாண்டுக்குச் சீனர் வீடு. மேசையில் பீஹூன் (வதக்கிய அரிசி சேவை), கறி, முறுக்கு, அன்னாசி டார்ட் என்று அடுக்கி வைத்துவிட்டால் வருகிறவர்களே தட்டை எடுத்துப் போட்டுச் சாப்பிடுவார்கள். போகும்போது மிச்சத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டும் போவார்கள். கூப்பிடுவதற்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினால் போதும். ஆக, 23ஆம் தேதி இரவே போனில் ஒரு அழைப்பு அட்டை தயார் செய்து, தெருப் பெண்கள் இருக்கும் குழுவில் போட்டுவிட்டுப் பெருமையோடு தூங்கப் போனேன்.

காலையில் பார்த்தால் பதினெட்டுப் பேர் பார்த்திருக்கிறார்கள், ஒரு பதில் இல்லை.

அதைப் பற்றிக் கவலைப்படக்கூட நேரம் இருக்கவில்லை, ஏனென்றால் சமையலில் ஒரு இடி விழுந்தது. கோழி ரெண்டாங், அதாவது தேங்காயில் வற்றவைக்கிற மலாய்க் கறி, செய்யலாம் என்று தேங்காய் துருவ உட்கார்ந்தேன். அத்தை வந்து பக்கத்தில் உட்கார்ந்து, பைய, "மாடியில சாமி மாலை போட்டிருக்காரு, தெரியும்ல?" என்றார். மாடிவீட்டு அண்ணன் மட்டும் இல்லை, எதிர்வீட்டில் அப்பாவும் பத்து வயதுப் பையனும், பக்கத்துச் சந்தில் இரண்டு பேர். கார்த்திகை முதல் தேதி மாலை போட்டு 41 நாள் மண்டல விரதம் இருப்பவர்களுக்கு, டிசம்பர் 25 என்பது கிட்டத்தட்ட கடைசிக் கட்டம். கறி, முட்டை எதுவும் அவர்கள் பக்கமே வரக்கூடாது. இத்தனை வருடத்தில் கிறிஸ்துமஸும் சபரிமலை விரதமும் ஒன்றாக வரும் என்று நான் யோசித்ததே இல்லை. முட்டை இல்லாமல் கேக், கறி இல்லாமல் விருந்து. ஒரு நிமிஷம் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். அப்புறம் யோசித்தால், சைவம் என்று முடிவானதுமே பாதி வேலை குறைந்துவிட்டது. கறியை வெட்டி, வறுத்து, வற்றவைத்து நிற்கிற மூன்று மணி நேரம் மிச்சம்.

பீஹூனுக்கு இங்கே அரிசி சேவை பாக்கெட் கைகொடுத்தது. பாக்கெட்டில் போட்டிருக்கிற மாதிரி கொதிநீரில் வேகவிட்டால் வதக்கும்போது குழைந்துவிடும். முதல் பாக்கெட் எனக்கு அப்படித்தான் களியாய்ப் போயிற்று. இரண்டாவதைப் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டு, வளைகிற பதம் வந்ததும் வடித்துவிட்டேன். முட்டைக்கோஸ், கேரட், பீன்ஸ், அரைத்த வரமிளகாய், பூண்டு, சோயா சாஸ் எல்லாம் வதக்கி, ஒரு கை தண்ணீர் தெளித்து, சேவையைப் போட்டு மூடி, இரண்டு நிமிஷம் கழித்துக் கிளறினால் கிள்ளானுக்கு முக்கால்வாசி தூரம் வந்துவிடலாம். அத்தை ஒரு வாய் எடுத்துப் பார்த்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு, கொஞ்சம் தேங்காச்சட்னி வச்சுருவோமா?" என்றார். பீஹூனுக்குத் தேங்காய்ச் சட்னி! வைத்தோம். முதலில் தீர்ந்ததும் அதுதான்.

கேக்குக்கு உலர்பழங்களை மாதக்கணக்கில் ஊறப்போட நேரமில்லை. கணவரைக் கீழமாசி வீதிக்கு விரட்டினேன். அங்கே மளிகை மொத்தக் கடைகளில் உலர்திராட்சை, பேரீச்சை, முந்திரி, டூட்டி ஃப்ரூட்டி எல்லாம் ஒரே நடையில் கிடைத்துவிடும். பழங்களை ஆரஞ்சுச் சாற்றில் போட்டுச் சின்னத் தீயில் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டு ஆறவைத்தால், ஊறின மாதிரியே உப்பிவிடுகிறது. ரம் எல்லாம் சாமிகள் இருக்கிற வீட்டில் பேச்சுக்கே இடமில்லை. முட்டைக்குப் பதில் 400 கிராம் கண்டென்ஸ்டு மில்க் டின் ஒன்று, வெண்ணெய் 100 கிராம், மைதா கால் கிலோ, பேக்கிங் பவுடர், சோடா மாவு, நிறத்துக்குக் கருக்கிய சர்க்கரைப் பாகு. குக்கரின் அடியில் கல்லுப்பைப் பரப்பி, மேலே ஒரு தாங்கி வைத்து, கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, தண்ணீரே ஊற்றாமல் முதலில் சூடாக்கி, உள்ளே கேக் தட்டை இறக்கிச் சின்னத் தீயில் முக்கால் மணி நேரம். மாடி அக்கா இறங்கி வந்து, விசில் வராத குக்கரையே பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டாவது கேக் வேகும்போது அந்த உப்பு கருகின வாசம் கொஞ்சம் வந்தது உண்மை. ஆனால் கேக் தப்பித்துவிட்டது.

குடில் விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. திருநகரிலிருந்து கொஞ்ச தூரம்தான் விளாச்சேரி. பிள்ளையார், கொலு பொம்மை, கிறிஸ்துமஸ் குடில் பொம்மை மூன்றையும் ஒரே கையால் செய்கிற மண்பாண்டக்காரர்களின் ஊர். 24ஆம் தேதி மத்தியானம் போய் நின்றால், நல்ல செட்டெல்லாம் எப்போதோ லாரி ஏறிப் போய்விட்டது. ஒரு பெரியவர் மூலையிலிருந்து மிச்சத்தைப் பொறுக்கி எடுத்துக் கொடுத்தார். மாதா, சூசையப்பர், குழந்தை, ஆட்டுக்குட்டி நாலு, மாடு ஒன்று. ராஜாக்கள் மூன்று பேரில் இரண்டு பேர்தான். மூன்றாமவர் எங்கே என்று கேட்டேன். அவர் கொலு பொம்மை அடுக்கிலிருந்து தொப்பை வைத்த செட்டியார் பொம்மையை எடுத்து நீட்டி, "இவரை நிப்பாட்டுங்க தாயீ, பொன்னு கொண்டாந்த ராசா இவருதான்னு சொல்லிருங்க" என்றார். அதற்குக் காசும் வாங்கவில்லை. எங்கள் வீட்டுக் குடிலில் இப்போது நிரந்தரமாகச் செட்டியார்தான் நிற்கிறார்.

வீடு திரும்பியதும் அத்தை கேட்டார். "யார் யாரைக் கூப்பிட்டிருக்க?"

"எல்லாருக்கும் மெசேஜ் போட்டாச்சு அத்தை."

"மெசேஜ்ல கூப்பிட்டா யாரு வருவா?"

நிஜமாகவே எனக்கு விளங்கவில்லை. பார்த்திருக்கிறார்களே, நேரம் போட்டிருக்கிறதே, அட்டையில் நட்சத்திரமும் மானும்கூட அசைகிறதே. அத்தை அதற்கு மேல் விளக்கவில்லை. முகம் கழுவிச் சேலை மாற்றிக்கொண்டு வந்தார், என்னையும் மாற்றச் சொன்னார். விளக்கு வைத்த பிறகு புறப்பட வேண்டும், வெறும் கையோடு போகக்கூடாது. குங்குமச் சிமிழை எடுத்தவர் ஒரு கணம் நின்று, "உங்க பண்டிகைக்குக் குங்குமம் குடுக்கலாமா?" என்று என்னிடம் கேட்டார். எனக்கும் தெரியாது. கிள்ளானில் எங்கள் அம்மாவே பொட்டு வைத்துக்கொண்டுதான் பூசைக்குப் போவார், அதனால் தவறில்லை என்றேன். கடைசியில் ஒரு தட்டில் குங்குமமும் கற்கண்டும் வைத்துக்கொண்டு கிளம்பினோம்.

பதினோரு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் உட்கார வேண்டும். வாசலோடு சொல்லிவிட்டு நகர்ந்தால் அது அழைப்பில்லை, தகவல். உட்கார்ந்ததும் காப்பி வரும். வேண்டாம் என்றால் வருத்தப்படுவார்கள். அன்றைக்கு ஏழு காப்பி குடித்தேன். விஷயத்தை எடுத்த எடுப்பில் சொல்லவும் கூடாது, பிள்ளை பரீட்சை, மூட்டுவலி, மல்லிகைப்பூ விலை என்று ஒரு சுற்று வந்த பிறகுதான் அத்தை "நாளைக்கு நம்ம வீட்ல மருமகளுக்குப் பெரிய நாளு" என்று ஆரம்பிப்பார். உடனே என்னைப் பார்ப்பார்கள். நானும் என் வாயால் "அவசியம் வந்துருங்க" என்று சொல்ல வேண்டும். அத்தை மட்டும் சொன்னால் பாதிதான். காலையில் மெசேஜைப் பார்த்தும் பதில் போடாத அக்கா ஒருவர், அப்போதுதான் முதல்முறையாகக் கேள்விப்படுகிற மாதிரி "அப்படியா, வந்துருவோம்ல!" என்று கன்னத்தைத் தொட்டார். கடைசிக்கு முந்தின வீடு பூட்டியிருந்தது. விட்டுவிடலாம் என்றேன். "விட்டா பொங்கல் வரைக்கும் சொல்லிக் காட்டுவாக" என்றார் அத்தை. ஒன்பது மணிக்கு மறுபடி போனோம். அரை மணி நேரத்தில் கிள்ளானில் நள்ளிரவு, அங்கே 25 பிறந்துவிடும். அம்மா போன் அடித்தபோது நான் அந்த வீட்டு சோபாவில் எட்டாவது காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். அம்மாவுக்கு அவர்கள் எல்லாரும் கை ஆட்டினார்கள். அழ வாய்ப்பே கிடைக்கவில்லை. பிறகு கீழவெளி வீதிப் பேராலயத்தில் இரவுப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து படுக்கும்போது, பக்கத்துக் கோயில் ஒலிபெருக்கியில் மார்கழிப் பாட்டு போட இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

வருகிற பெண்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு முழம் மல்லிகை கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன், மதுரையில் இருந்துகொண்டு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி. மார்கழிப் பனியில் மொட்டு வரத்துக் குறைந்து கிலோ ஆயிரத்தைத் தாண்டி நிற்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. கதம்பம் வாங்கினோம்.

மறுநாள் ஐந்து மணிக்கு ஆள் வரத் தொடங்கியது. கூப்பிட்ட பதினோரு வீடும் வந்தது, வீட்டுக்கு நாலு பேர் வீதம். மேசையில் எல்லாவற்றையும் அடுக்கி, தட்டு, ஸ்பூன், டிஷ்யூ என்று கிள்ளான் முறைப்படி வைத்திருந்தேன். எல்லாரும் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்தார்கள். யாரும் எழவில்லை. "எடுத்துக்கங்க, எடுத்துக்கங்க" என்று நான் மேசையைக் காட்டிக் காட்டிச் சொல்ல, அவர்கள் "இருக்கட்டும்மா" என்று சிரித்தார்கள். பத்து நிமிஷம் மின்விசிறி சத்தம்தான். அத்தை அடுக்களையிலிருந்து எட்டிப்பார்த்து, "எடுத்து வையி, அவகளா எடுப்பாகளா?" என்று பல்லைக் கடித்தார். நான் ஒவ்வொரு தட்டாகப் போட்டுக் கையில் கொடுத்ததும்தான் வீட்டில் பேச்சே வந்தது. போதும் என்றால் போதும் என்று அர்த்தமில்லை, மூன்றாவது போதும்தான் நிஜம் என்பதையும் அன்றுதான் கணக்குப் பண்ணினேன்.

மாடிவீட்டுச் சாமி வெளியே சமைத்ததைத் தொடுவதில்லை. பாய் விரித்து உட்காரவைத்து, வாழைப்பழமும் ஒரு டம்ளர் பாலும் கொடுத்தோம். எதிர்வீட்டு கன்னிச்சாமி, பத்து வயதுக்காரர், கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "முட்டை இல்லை சாமி" என்றேன். அவர் அப்பா யோசித்துவிட்டு, தலையாட்டினார். மூன்று துண்டு போனது. போகிற நேரத்தில் மாடி அக்காவிடம், பழக்கதோஷத்தில், "மிச்சத்தைத் தப்பாவ் பண்ணிக்கோங்கக்கா" என்று சொல்லிவிட்டேன். பார்சல் கட்டுவதற்கு எங்கள் ஊரில் அதுதான் சொல். அக்கா முகம் மாறிவிட்டது. "தப்பாவா? என்னம்மா தப்பு நடந்துச்சு?" கணவர் ஓடிவந்து விளக்கியபோது அவருக்குச் சிரிப்பில் வார்த்தையே வரவில்லை. இப்போது தெருவில் பாதிப் பேர் கடையில் நின்று "ரெண்டு பன் புரோட்டா தப்பாவ்" என்று கேட்டுக் கலாய்க்கிறார்கள்.

நான் கொடுத்து அனுப்பிய டப்பாக்கள் 26ஆம் தேதி காலையிலிருந்து திரும்பி வந்தன, ஒன்றுகூடக் காலியாக இல்லை. ஒன்றில் கோயில் வெண்பொங்கல், ஒன்றில் சீனி, ஒன்றில் நாலு கொய்யாப்பழம். சோயா சாஸ் வாங்கக் கிடைக்கும் கடை எது என்று இரண்டு பேர் கேட்டார்கள்.

வாட்ஸ்அப்பில் நான் போட்ட அழைப்பு அட்டைக்கு 27ஆம் தேதி ஒருவர் கைகூப்பும் பொம்மை போட்டிருந்தார். அவர் எங்கள் வரவேற்பறையில் உட்கார்ந்து இரண்டு தட்டு பீஹூன் சாப்பிட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது.