ஊட்டிக் குளிருக்குச் செலவில்லாத சூடு

டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் ஊட்டிப் பக்கம் இருப்பவர்கள் ஹீட்டர் விலை விசாரிக்கும் முன் கதவடி இடுக்கையும் ஜன்னல் சட்ட ஓட்டையையும் அடையுங்கள். ஓட்டுக்கூரைக்குக் கீழே சீலிங் இல்லையென்றால் எந்த அடுப்பு வைத்தும் பயனில்லை.

சோலார் பேனலை நம்பி ராத்திரி ஹீட்டர் போட நினைக்காதீர்கள். 1000 வாட் ஹீட்டர் 4 மணி நேரம் ஓட 4 யூனிட் வேண்டும். 12 வோல்ட், 150 ஏ.எச். (ஆம்பியர் அவர்) பேட்டரி முழுசாகக் கொடுத்தாலே 1.8 யூனிட்தான். அந்தப் பணத்துக்கு சோலார் வாட்டர் ஹீட்டர் வாங்கலாம், அதுவும் கண்ணாடிக் குழாய் வகை. தட்டையான பேனல் வகையில் உறைபனி ராத்திரியில் தண்ணீர் உறைந்து செப்புக் குழாய் வெடித்துவிடலாம்.

விறகுக்குச் சீகை (வாட்டில் மரம்) நல்லது. பிளந்து, மழை படாமல், காற்று புகும்படி 6 மாதமாவது அடுக்கி வையுங்கள். இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் உள்ளே ஈரம் இருக்கிறது. ஈர விறகின் புகை புகைபோக்கிக்குள் தார் மாதிரி படிந்து, ஒருநாள் அதுவே தீப்பிடிக்கும். குளிர்காலத்துக்கு முன்னால் பிரஷ் விட்டுத் தேய்த்தே ஆகவேண்டும்.

தயவுசெய்து கரி அடுப்பைப் படுக்கையறைக்குள் கொண்டுபோகாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். சாம்பல் மூடி அணைந்த மாதிரி தெரியும் கங்கிலிருந்தும் அது வரும். கங்குத் தட்டை வீட்டுக்கு வெளியே வைத்துவிட்டுத்தான் படுக்க வேண்டும்.