மயக்க மருந்து டாக்டர் கேட்ட கேள்வி

போன மாதம் எனக்குக் குடல்வால் ஆபரேஷன். அதற்கு முன் மயக்க மருந்து டாக்டர் வந்தார். சுகர், பிரஷர், ஆடுகிற பல் என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி, "தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க ஆரிய வைசியரா?" என்றார். அம்மாவும் நானும் தெலுங்கில் பேசியது காதில் விழுந்திருக்கும். வயிற்றுவலியோடு கோபமும் சேர்ந்துகொண்டது. ஆஸ்பத்திரியில் எதற்குச் சாதி?

அம்மா முந்திக்கொண்டாள். "ஆமாங்க. எங்க அக்காவுக்கு சிசேரியன் பண்ணப்ப சாயங்காலம் வரைக்கும் மூச்சு வரல."

பெத்தம்மாவின் கதை அது. மருந்தைக் கூடக் கொடுத்துவிட்டார்கள் என்று இன்றுவரை அந்த ஆஸ்பத்திரியைத் திட்டிக்கொண்டிருக்கிறோம். டாக்டரோ, "அப்ப உங்களுக்கு ஸ்கோலின் வேண்டாம், வேற போட்டுக்கலாம்" என்று சட்டென எழுதிக்கொண்டார்.

தொண்டையில் குழாய் விடுவதற்காகத் தசைகளைத் தளர்த்தும் ஊசி ஸ்கோலின். ஒரே நிமிடத்தில் மூச்சுத் தசைகூட அடங்கிவிடும். ரத்தத்தில் உள்ள ஒரு நொதி அதைச் சிதைத்துவிடுவதால் ஐந்து, பத்து நிமிடத்தில் எல்லாம் பழையபடி. அந்த நொதிக்கான மரபணு அப்பா, அம்மா இருவர் வழியிலும் பழுதாக வந்திருந்தால் மணிக்கணக்கில் வென்டிலேட்டர்தான். வேடிக்கை என்னவென்றால், அந்த ஊசி படாதவரை நொதி இல்லாதது தெரியவே தெரியாது.

எங்கள் கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வெளிநாட்டவர்களோடு சேர்ந்து 2006-இல் எங்கள் சமூகத்தில் இதற்கான மரபணுப் பழுதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். நொதியின் 307-ஆம் இடத்தில் லியூசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் புரோலின் என்ற இன்னொன்று. ஐரோப்பியரில் லட்சத்தில் ஒருவருக்கு இருக்கும் குறை, எங்களில் 24 பேரில் ஒருவருக்கு! காரணம், கொள்வினை, கொடுப்பினை எல்லாம் உள்ளுக்குள்ளேயே. என் அவ்வா, அதாவது பாட்டி, கட்டிக்கொண்டது சொந்தத் தாய்மாமனை. தங்கை, அத்தை மகனை.

வீடு திரும்பியதும் ரத்தப் பரிசோதனைக்குப் போனேன். சூடோகோலினெஸ்டரேஸ் என்று அந்த நொதியின் பெயர் எழுதிய சீட்டைக் காட்டியதும் லேப்காரர், "யாருங்க பூச்சிமருந்து குடிச்சது?" என்று பதறினார். பூச்சிமருந்தும் இதே நொதியைத்தான் முடக்குமாம். எனக்குக் கிட்டத்தட்ட பூஜ்யம். ரிப்போர்ட்டை லேமினேட் செய்து பர்ஸில் வைத்திருக்கிறேன்.

தங்கையையும் அவள் குழந்தைகளையும் இந்தப் பரிசோதனை செய்து பார்த்துக்கொள்ளச் சொன்னேன். "எங்க வம்சத்துல குறையாங்கறியா" என்று மாமியார் சண்டைக்கு வருவாராம். அந்த மாமியார் நம் அத்தைதானே, வம்சம் ஒன்றுதானே என்றேன். அதனால்தான் அத்தைக்கு இன்னும் கோபம் வரும் என்கிறாள். இன்னும் லேப் பக்கம் போகவில்லை.