ஓரியூர் செம்மண்ணைக் கையில் வாங்கும் முன்

ராமநாதபுரம் மாவட்டம் ஓரியூரில், புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) தலைகொடுத்த மண்ணில் முழந்தாளிட்டு "இனி மதுவைத் தொடமாட்டேன்" என்று நேர்ச்சை வைக்கிறவர்கள் நம் கடற்கரை ஊர்களில் ஏராளம். சரியான இடத்துக்குத்தான் போகிறார்கள். லிஸ்பனில் பிரபு வீட்டில் பிறந்தவர், இங்கே வந்து காவி உடுத்திப் பண்டாரசுவாமியாக வாழ்ந்தவர். கறி, மீன், மது எதையும் தொடாதவர். 1693 பிப்ரவரி 4, அவர் வெட்டுண்ட நாள், சாம்பல் புதன். ஒறுத்தலின் முதல் நாளிலேயே தம்மை முழுசாகக் கொடுத்த அவரிடம் போகாமல் வேறு யாரிடம் போவது!

புறப்படும் விதத்தில்தான் தப்பு நடக்கிறது. ராத்திரி கடைசியாக ஒரு குவார்ட்டர், விடிந்ததும் கழுத்தில் ஜெபமாலை, வெறுங்கால், கிழக்குக் கடற்கரைச் சாலை. வருஷக்கணக்கில் தினமும் குடித்த உடம்பில், மது அமுக்குவதை எதிர்த்து நரம்பெல்லாம் முறுக்கேறியே இருக்கும். அமுக்கம் சட்டென்று போனால் முறுக்கு மட்டும் மிஞ்சும். ஆறேழு மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, குமட்டல். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும்: இல்லாத ஆள் தெரியும், மேலெல்லாம் பூச்சி ஊரும், காய்ச்சல் கொதிக்கும். தேவிபட்டினம் தாண்டித் தொண்டிக்கு நடக்கும் வெயிலில் இது வந்தால் என்ன ஆவது? பேய் பிடித்துவிட்டது என்று கூட வருகிறவர்கள் ஜெபம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் உயிரே போய்விடும். ஜெபத்தை ஆம்புலன்ஸில் சொல்லுங்கள்.

ஆகவே முதலில் ஆஸ்பத்திரி, பிறகு ஓரியூர். டாக்டர் குளோர்டயசிபாக்சைடு போன்ற மாத்திரையை நடுக்கம் அடங்கும் அளவுக்குக் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து நிறுத்துவார். கடையில் வாங்கி நாமே கொடுக்கக் கூடாது. குளுக்கோஸ் ஏற்றப் போனால், "தயமின் ஊசி போட்டாச்சா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். குடிக்கிறவர் உடம்பில் அந்த பி1 சத்து வற்றிக் கிடக்கும். மிச்சம் இருப்பதையும் குளுக்கோஸ் இழுத்துக்கொண்டால் கண் நிலைகொள்ளாது, நடை தள்ளாடும், ஞாபகம் திரும்பாமலே போகலாம். எங்கே கூட்டிப்போவது என்று தெரியாத வீட்டார் போதை மீட்பு உதவி எண் 14446க்குப் போன் செய்யலாம், கட்டணம் கிடையாது.

உடம்பு தேறிய பிறகும் முதல் தடவை பஸ்ஸிலேயே போவது நல்லது. திருவிழா நாள் வேண்டாம். கூட்டத்தில் பழைய கூட்டாளி ஒருவன் கண்ணில் பட்டால் போதும். பசியோடும் இருக்கக் கூடாது, மடியில் கடலை மிட்டாய் இருக்கட்டும். திருத்தலங்களுக்குப் போகிற பெண்களிடம், "சாப்பாட்டில் கலந்து கொடும்மா, தானாக விட்டுவிடுவார்" என்று பொடி விற்கிறார்களே, அவர்களை நினைத்தாலே வயிறு எரிகிறது. அதில் டைசல்ஃபிராம் (குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் மருந்து) இருந்தால், தெரியாமல் குடிக்கிற மனுஷனுக்கு முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழும். நெஞ்சே நின்றுபோகவும் கூடும். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து உண்டு. அது அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து.

ஓரியூரில் அந்தச் செம்மண்! வேதசாட்சியின் ரத்தம் ஊறிச் சிவந்தது என்று நாம் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் மண். நேற்றுவரை கிளாஸைப் பிடித்த கை அதை வாங்க நீளும்போது பாருங்கள். விரல் இன்னும் லேசாக நடுங்கும். நடுக்கத்தில் மணல் விரலிடுக்கு வழியே சரசரவென்று இறங்கும். மிச்சம் இருப்பதை நெற்றியில் வைக்கிறவருக்குப் பேச்சு வராது. பக்கத்தில் மனைவி முந்தானையை வாயில் பொத்தி நிற்பாள். அந்த நேரத்தில் அறிவுரை எதுவும் சொல்லாதீர்கள். அவரும் அருளானந்தரும் பேசிக்கொள்ளட்டும்.

பிறகு பாவசங்கீர்த்தனம், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது. திவ்ய நற்கருணை அப்பத்தைத் திராட்சை ரசத்தில் தோய்த்துக் கொடுக்கிற பூசையாக இருந்தால் முன்கூட்டியே சாமியாரிடம் சொல்லி, அப்பம் மட்டும் வாங்கச் சொல்லுங்கள். அப்பத்தில் ஆண்டவர் முழுமையாக இருக்கிறார், குறை ஒன்றும் இல்லை.

ஊர் திரும்பினால் ஏ.ஏ. கூட்டம், அதாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒன்றுகூடும் கூட்டம். 1935ல் அமெரிக்காவின் அக்ரான் நகரில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவரை ஒருவர் தாங்கிப் பிடித்ததில் தொடங்கியது. பன்னிரண்டு படிகளில் ஐந்தாவது, தன் தவறுகளைக் கடவுளிடமும் தன்னிடமும் இன்னொரு மனிதரிடமும் ஒளிக்காமல் சொல்வது. நமக்குப் பழகிய காரியம்தான். ஒன்பதாவதுதான் கடினம்: கெடுத்ததைச் சரிக்கட்டுவது. அடகில் கிடக்கும் தாலி, படகுக்காரரிடம் வாங்கி ஏய்த்த முன்பணம், அடித்த பிள்ளை. அங்கே 'இன்றைக்கு மட்டும்' என்பார்கள். "எங்கள் அனுதின உணவை எங்களுக்கு இன்று அளித்தருளும்" என்று நாம் கேட்பதும் இன்றைக்குத்தானே!

ஆயுசுக்கும் விடுகிறேன் என்று முதல் நாளே நேர்ச்சை வைக்க வேண்டாம். டப்ளின் கூலித்தொழிலாளி மத்தேயு டால்பட் 1884ல், 28 வயதில், முதலில் மூன்று மாதத்துக்குத்தான் வாக்குக் கொடுத்தார். 1925ல் பூசைக்குப் போகும் வழியில் விழுந்து இறக்கும்வரை அவர் தொடவே இல்லை. 1975ல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது. இடையில் தவறிவிட்டால் அருளானந்தர் கைவிட்டுவிட்டார் என்று நினைக்காதீர்கள், மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். விட்டுக் குடித்து விட்டுக் குடித்து வருகிறவருக்கு அடுத்தடுத்த தடவை வலிப்பும் நடுக்கமும் கடுமையாகலாம்.

மூன்று மாதம் நின்றவரை மறுபடி ஓரியூருக்கு அழைத்துப் போங்கள். அதே கை நீளும். உள்ளங்கையில் விழுந்த மண் இந்தத் தடவை விழுந்தபடியே இருக்கும், ஒரு மணி சிந்தாது. அப்பா அருளானந்தரே, உமக்குத் தோத்திரம்! எங்கள் வீடுகளில் ராத்திரிச் சோறு சண்டையில்லாமல் இறங்குகிறதே, அதற்கு உமக்குக் கோடித் தோத்திரம்!