கொடி சுத்திக்குமாம்

எட்டாம் மாசம். ராத்திரி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திரும்புவதற்குள் மூச்சு வாங்குகிறது. அம்மாவுக்கு வேறு கவலை. "அப்படியே புரளாதேடி, எழுந்து உட்கார்ந்து திரும்பிப் படு. குழந்தை கழுத்துல தொப்புள்கொடி சுத்திக்கும்." டாக்டரிடம் கேட்டேன், சிரித்துவிட்டார். நாம் புரள்வதற்கும் கொடி சுற்றுவதற்கும் சம்பந்தமே இல்லையாம்.

ஆனால் மல்லாந்து படுப்பதில் மட்டும் கறாராக இருந்தார். 28 வாரத்துக்கு மேல் கர்ப்பப்பையின் கனம் முதுகுத்தண்டை ஒட்டிப் போகும் பெரிய ரத்தக்குழாய்களை அழுத்தும். குழந்தைக்குப் போகும் ரத்தம் குறையலாம். அதனால் தூங்கப் போகும்போது ஒருக்களித்தே படுக்க வேண்டும். இடது பக்கம்தான் என்று உயிரை விட வேண்டாம், வலதும் சரிதான். நடுவில் முழித்துப் பார்த்தால் மல்லாந்து கிடக்கிறோமா? பதறாமல் திரும்பிப் படுத்தால் போதும்.

முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, முதுகுக்கு ஒன்று, வயிற்றுக்கு அடியில் மடித்த பழைய நூல் புடவை. இடுப்பு வலி பாதி குறைந்தது. (வீட்டுக்காரருக்குத் தலையணை மிஞ்சவில்லை. போர்வையைச் சுருட்டி வைத்துப் படுக்கிறார், பாவம்.)

அப்புறம், எழும்போது மட்டும் அம்மா பேச்சுதான். ஒருக்களித்து, கையை ஊன்றி, மெதுவாக.