மஞ்சள் கட்டம்: இன்டர்வியூவில் 140 வாங்கியதும் 184 வாங்கியதும்

நேற்று மதியம் யு.பி.எஸ்.சி. சிவில் சர்வீஸ் தேர்வின் மார்க் ஷீட் வந்தது. போன முறை பெர்சனாலிட்டி டெஸ்ட்டில் 275-க்கு 140. இந்த முறை 184. மெயின்ஸ் மார்க் இரண்டு முறையும் பத்துப் பன்னிரண்டு வித்தியாசத்துக்குள்தான். என்னைப் பட்டியலுக்கு வெளியே தள்ளியதும் இன்டர்வியூ, உள்ளே இழுத்துப் போட்டதும் இன்டர்வியூ. ரேங்க் 500-க்கு மேல்; கேட்ட சர்வீஸ் கிடைக்காது. இருந்தாலும் அம்மா தெருவுக்கே லட்டு கொடுத்து முடித்துவிட்டார், இனி பின்வாங்க முடியாது.

போன் செய்பவர்கள் எல்லாம் புக் லிஸ்ட் கேட்கிறார்கள். புக் லிஸ்ட் எல்லோருக்கும் ஒன்றுதான், ஜெராக்ஸ் கடைக்காரரே ஒப்பிப்பார். நான் சொல்ல வந்தது என் நோட்ஸில் இருந்த ஒரு பக்கத்தைப் பற்றி, அந்தப் பக்கத்தில் இருந்த ஒரு கட்டத்தைப் பற்றி. என் ஒரு வருடத்தைத் தின்றது அந்தக் கட்டம்தான். மிகைப்படுத்துகிறேன் என்கிறாள் ரூம்மேட். இருக்கலாம். 140 வாங்கியது அவள் இல்லையே.

ஆப்ஷனல் பி.எஸ்.ஐ.ஆர்., அதாவது அரசியல் அறிவியலும் பன்னாட்டு உறவுகளும். எம்.ஏ. ஆய்வேடு 2015 இரான் அணு ஒப்பந்தம் பற்றியது: இரான் அணுத் திட்டத்தைச் சுருக்கினால் பொருளாதாரத் தடைகள் நீங்கும் என்று அமெரிக்காவும் மற்ற வல்லரசுகளும் செய்துகொண்டது. அதைக் கேட்டால் பொளந்து கட்டிவிடலாம் என்று ஒரு வருடமாகக் காத்திருந்தேன். கேட்டார்கள்.

போன முறை நடந்தது இது. தமிழில்தான் இன்டர்வியூ கொடுத்தேன், பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். மூன்றாவதாகப் பேசிய உறுப்பினர், அதிகம் பேசாத வகை, கேட்டார்: ஒபாமாவின் ஒப்பந்தத்தை அவருடைய சொந்தக் கட்சி செனட்டர்களே சிலர் எதிர்த்தார்களே, யார், ஏன்? எனக்கு உள்ளுக்குள் பட்டாசு வெடித்தது. "சக் ஷூமர், பென் கார்டின், பாப் மெனென்டெஸ், ஜோ மான்ச்சின்" என்று நான்கு பெயரையும் கடகடவென்று சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "யூத உறுப்பினர்கள், யூத லாபியின் அழுத்தத்தால் எதிர்த்தார்கள்" என்று முடித்தேன்.

மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். நான் சொன்னது இன்னொருவர் வாயிலிருந்து, நிதானமான குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல் திரும்பி வந்தபோதுதான் அது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று எனக்கே கேட்டது.

"மெனென்டெஸ் யூதரா?"

கியூபாவிலிருந்து வந்த குடும்பம். எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேனா என்றால், அந்த நொடியில் தெரியவில்லை.

"மான்ச்சின்?"

கத்தோலிக்கர்.

"சரி. அன்றைக்கு செனட்டில் மொத்தம் எத்தனை யூதர்கள் இருந்தார்கள்? அவர்களில் எத்தனை பேர் ஒப்பந்தத்தை ஆதரித்தார்கள்?"

தண்ணீர் கிளாஸைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன். அவர் அடுத்தவரிடம் தலையை ஆட்டிவிட்டார். அவ்வளவுதான்.

விடை: ஒன்பது பேர். ஏழு பேர் ஆதரவு. சாண்டர்ஸ், ஃபைன்ஸ்டைன், பாக்ஸர், வைடன், ஃபிராங்கன், ஷாட்ஸ், புளூமெந்தால். எதிர்த்தது ஷூமரும் கார்டினும் மட்டும். ஆய்வேடு எழுதியவளுக்கு இது தெரியவில்லை.

ஏன் தெரியவில்லை? ஹாஸ்டலுக்குத் திரும்பி நோட்ஸை எடுத்துப் பார்த்தேன். கோச்சிங்கில் கொடுத்த ஜெராக்ஸ் ஒன்றிலிருந்து காப்பி அடித்த அட்டவணை. எதிர்த்த ஜனநாயகக் கட்சிக்காரர்கள் பட்டியல்: பெயர், மாநிலம், கடைசியாக 'யூதரா?' என்று ஒரு கட்டம். 'ஆம்' என்று இருந்த இடத்திலெல்லாம் மஞ்சள் ஹைலைட்டர் போட்டிருந்தேன். ஆதரித்தவர்கள் அட்டவணையிலேயே இல்லை. மஞ்சளை மட்டும் பார்த்துப் பார்த்துப் படித்தால் மூளை என்ன செய்யும்? கிடைத்ததை வைத்துக் கதை கட்டும். ஆய்வு முறையில் முதல் வாரம் சொல்லிக்கொடுப்பது இது: விளைவு நடந்த இடங்களை மட்டும் பொறுக்கி எடுத்துக் காரணம் தேடாதே. அந்தத் தாளில் எனக்கு 71 மார்க்.

ஒரே ஆறுதல், இந்தத் தப்பைப் பெரிய இடத்திலும் செய்திருக்கிறார்கள். 2015 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் ஒப்பந்தத்தை எதிர்க்கும் ஜனநாயகக் கட்சியினர் என்று இணையத்தில் ஒரு அட்டவணை போட்டது. அதில் அவர் யூதரா என்று ஒரு கட்டம், அதற்கு மஞ்சள் நிறம். தொகுதியில் யூதர்கள் எத்தனை சதவீதம் என்று இன்னொன்று. யூதர்களுக்கு மஞ்சள் அடையாளம் குத்திய வரலாறு ஐரோப்பாவில் என்னவென்று தெரிந்தவர்கள் கொதித்துப்போனார்கள். பத்திரிகை அந்தக் கட்டத்தை நீக்கியது. வாசகர் தரப்பு ஆசிரியரான மார்கரெட் சல்லிவன் அதைப் பற்றி எழுதினார். நான் அதைப் படித்தது இன்டர்வியூ முடிந்து ஒரு மாதம் கழித்து. என் ஹைலைட்டரும் அதே மஞ்சள். கடையில் அது ஒன்றுதான் இருந்தது, வேறு காரணம் இல்லை, ஆனாலும் வயிற்றைப் பிசைந்தது.

அப்புறம் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். இந்த முறை கட்டம் இல்லை. ஆளுக்கு நான்கு வரி: எந்தத் தேதியில் முடிவைச் சொன்னார், என்ன காரணம் சொன்னார், அவரை யார் திட்டினார்கள், பிறகு என்ன ஆனது. பாடத்திட்டத்தில் இதற்கு இடமே இல்லை. ஆனால் எனக்கு மார்க் தந்தது இதுதான் என்று அடித்துச் சொல்வேன்.

இரண்டு பேரை மட்டும் காட்டுகிறேன்.

சக் ஷூமர், புரூக்ளின்காரர். தன் குடும்பப் பெயர் ஹீப்ரூவில் காவலன் என்ற சொல்லிலிருந்து வந்தது என்று பல மேடைகளில் சொல்பவர். 2015 ஆகஸ்ட் 6 இரவு, குடியரசுக் கட்சி வேட்பாளர்களின் முதல் விவாதத்தை நாடே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், எதிர்ப்பு அறிக்கையை வெளியிட்டார். அறிக்கையை மூன்றாகப் பிரித்திருந்தார்: முதல் பத்து வருட அணுக் கட்டுப்பாடு, பத்து வருடத்துக்குப் பிறகு, அணு அல்லாத விஷயங்கள். சந்தேகப்படும் இடத்தைச் சோதிக்க விடாமல் இரான் 24 நாள் வரை இழுக்கலாம் என்பது அவருக்கு உறுத்தியது. தடை நீங்கி வரும் பணம் எங்கே போகும் என்பது இன்னும் உறுத்தியது. ஆதரவாளர்கள் சிலர் அவரைத் துரோகி என்றார்கள். அமெரிக்காவுக்கா இஸ்ரேலுக்கா நீ விசுவாசம் என்ற பழைய கேள்வி புதுச் சட்டை போட்டு வந்தது.

ஜெரி நேட்லர், அதே நியூயார்க், பிரதிநிதிகள் சபை உறுப்பினர். சின்ன வயதில் யெஷிவாவில், அதாவது யூத மதப் பள்ளியில் படித்தவர். அன்றைய அவர் தொகுதியின் ஒரு முனையில் மன்ஹாட்டனின் அப்பர் வெஸ்ட் சைட், மறுமுனை புரூக்ளினில் ஹசிடிக் (தீவிர மரபுவழி) யூதர்கள் நெருக்கியடித்து வாழும் பரோ பார்க் பக்கம் வரை நீண்டிருந்தது. ஆகஸ்ட் 21 அன்று ஒரு நீண்ட கட்டுரையாகவே ஆதரவை எழுதினார். ஒபாமா அவருக்கென்று தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது. ஷூமர் கவலைப்பட்ட அதே இடங்களைத்தான் இவரும் தொட்டார். இரானிடம் அணுகுண்டு வராமல் தடுக்க மற்ற வழிகளைவிட இது மேல் என்று கணக்குப் போட்டார். நியூயார்க் மாநிலத்தின் யூத உறுப்பினர்களில் ஆதரித்தவர் அவர் ஒருவர்தான். ஸ்டீவ் இஸ்ரேல், எலியட் ஏங்கல், நீட்டா லோவி எல்லோரும் எதிர்ப்பக்கம். அவரைச் சிலர் 'காப்போ' என்றார்கள். நாஜி முகாம்களில் சக கைதிகளையே மேய்க்க வைக்கப்பட்ட கைதிகளுக்கு அந்தப் பெயர். ஒரு யூதரை இன்னொரு யூதர் திட்ட அதைவிடக் கொடிய வார்த்தை கிடையாது.

ஒரே அடையாளம் கொண்ட இருவர். ஒருவர் அமெரிக்காவுக்குத் துரோகி, இன்னொருவர் யூதர்களுக்குத் துரோகி. என் மஞ்சள் கட்டத்தில் இதை எங்கே எழுதுவது?

பின்கதை: 2016 ஜூனில் கட்சி உள்தேர்தலில் நேட்லரை எதிர்த்து ஒருவர் நின்றார். நேட்லர் சுலபமாக ஜெயித்தார். ஷூமர் அதே வருடக் கடைசியில் செனட்டில் கட்சித் தலைவரானார். இருவரையும் மக்கள் தண்டிக்கவில்லை.

மற்றவர்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

டெபி வாசர்மன் ஷுல்ட்ஸ், அப்போது ஜனநாயகக் கட்சியின் தேசியத் தலைவர், ஃபுளோரிடா. செப்டம்பர் 6 வரை இழுத்து ஆதரித்தார், டி.வி.யில் சொல்லும்போது கண் கலங்கியது.

லீ செல்டின், அப்போது காங்கிரஸில் இருந்த ஒரே யூதக் குடியரசுக் கட்சிக்காரர். எதிர்ப்பு. ஆனால் அவர் கட்சியில் ஒருவர்கூட ஆதரிக்கவில்லை, எனவே இதில் அடையாளத்தைத் தேடுவது வீண்.

பென் கார்டின். ஒப்பந்தத்தைக் காங்கிரஸ் பார்வைக்குக் கொண்டுவந்த மறு ஆய்வுச் சட்டத்தில் குடியரசுக் கட்சி செனட்டர் கார்க்கரோடு வேலை செய்தவர். எதிர்த்தார். ஆனால் டிரம்ப் விலகப் பார்த்தபோது விலகாதே என்றார். ஏங்கலும் அப்படியே. எதிர்த்தவர் என்று முத்திரை குத்திவிட்டுப் போனால் இந்த இரண்டாம் பாதி தெரியாது.

அமைப்புகளை மறக்காதீர்கள். ஏபேக் எதிர்த்துக் கோடிக்கணக்கான டாலர் செலவழித்தது. ஜே ஸ்ட்ரீட் ஆதரித்தது. இரண்டுமே இஸ்ரேலை ஆதரிப்பதாகச் சொல்லும் அமைப்புகள்தான். 'லாபி' என்று ஒருமையில் எழுதினால் போர்டு உங்களைப் பிடித்துக்கொள்ளும். அமெரிக்க யூதப் பொதுமக்களும் ஒரே பக்கம் இல்லை. கருத்துக்கணிப்புகளில் ஆதரவு, எதிர்ப்பைவிடக் கூடுதலாகவே வந்தது.

மனப்பாடம் செய்ய வேண்டிய எண்கள்:
98–1: மறு ஆய்வுச் சட்டம், செனட், 2015 மே. எதிர்த்த ஒருவர் டாம் காட்டன்.
34: ஒபாமாவின் வீட்டோவைக் காப்பாற்ற செனட்டில் தேவையான எண்ணிக்கை. செப்டம்பர் 2-ல் செனட்டர் மிக்குல்ஸ்கி ஆதரவு சொல்லி நிரப்பினார்.
58–42: செப்டம்பர் 10, செனட்டில் எதிர்ப்புத் தீர்மானத்தின் மீதான விவாதத்தை முடிக்கும் ஓட்டு. 60 வேண்டும், கிடைக்கவில்லை. அதனால் ஒபாமாவுக்கு வீட்டோ போடும் வேலையே வரவில்லை.
162–269: மறுநாள் பிரதிநிதிகள் சபை, ஒப்புதல் தீர்மானம் தோற்றது. 25 ஜனநாயகக் கட்சியினர் ஒபாமாவுக்கு எதிராக ஓட்டுப் போட்டார்கள்.
2018 மே 8: டிரம்ப் விலகல். 2019 மே மாதத்தோடு இரானிய எண்ணெய் வாங்குவதை நாம் நிறுத்தியதையும் சேர்த்துச் சொல்லுங்கள், இந்தியா எங்கே என்று கட்டாயம் கேட்பார்கள்.

இந்த முறை போர்டு வேறு. எம்.ஏ. பற்றிக் கேட்டார்கள், கேள்வி மட்டும் வேறு வடிவம்: ஒரு மக்கள் பிரதிநிதி சமூகத்துக்காக ஓட்டுப் போடுகிறாரா, தொகுதிக்காகவா, மனசாட்சிக்காகவா? பி.எஸ்.ஐ.ஆர். ஆட்கள் உடனே எட்மண்ட் பர்க்கிடம் ஓடுவோம்: பிரதிநிதி தன் சொந்த அறிவுப்படிதான் முடிவெடுக்க வேண்டும் என்று வாக்காளர்களிடம் பேசியவர், பிரிஸ்டல், 1774. நானும் வாயைத் திறந்தேன், பிறகு மூடிக்கொண்டு, நேட்லரின் தொகுதி வரைபடத்திலிருந்து ஆரம்பித்தேன். அப்பர் வெஸ்ட் சைட், பரோ பார்க், ஒபாமாவின் கடிதம், காப்போ. பர்க் கடைசியில் ஒரு வரி.

தலைவர் மடக்கினார்: "அப்படியானால் அடையாளத்துக்கு வேலையே இல்லை என்கிறீர்களா?"

இல்லை என்று சொன்னால் பொய். வாசர்மன் ஷுல்ட்ஸ் கண் கலங்கியது ஒரு எரிசக்தி மசோதாவுக்கு நடந்திருக்காது. "அடையாளம் எந்தக் கேள்வி அவர்கள் தூக்கத்தைக் கெடுக்க வேண்டும் என்று முடிவு செய்தது சார், பதிலை அவரவர்தான் எழுதினார்கள்" என்றேன். மொழிபெயர்ப்பாளர் 'தூக்கத்தைக் கெடுக்க' என்ற இடத்தில் ஒரு நொடி திணறினார். அந்த நொடியில் நான் அடுத்த வாக்கியத்தை யோசித்துக்கொண்டேன். தமிழில் இன்டர்வியூ கொடுக்கத் தயங்குபவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்: அந்த இடைவெளி உங்களுக்குக் கிடைக்கும் இலவச நேரம்.

எல்லாம் சரியாகப் போனது என்று நினைக்காதீர்கள். என் சொந்த மாவட்டத்தில் எத்தனை தாலுகா என்று கேட்டார்கள், ஒன்றை விட்டுவிட்டேன். ஷூமர் அறிக்கை விட்ட இரவு தெரிந்தவளுக்குத் தன் ஊர் தெரியவில்லை என்று அப்பா இன்னும் கிண்டல் செய்கிறார். என் வழி பதற்றக்காரர்களுக்கான வழி: ஒரு விஷயத்தை அடிவரை தோண்டிவிட்டால் கை நடுங்காது. அகலமாகப் படித்தே தைரியம் வருபவர் என்றால் இதைக் கடந்து போங்கள்.

அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். அனுப்ப மாட்டேன். இரான் ஒப்பந்தம் உங்களுக்குத் தேவையும் இல்லை. உங்கள் நோட்ஸில் எந்தப் பிளவு பற்றிய அட்டவணை இருக்கிறதோ அதை எடுங்கள், அதில் இல்லாதவர்கள் யார் என்று தேடுங்கள், ஆளுக்கு நான்கு வரி எழுதுங்கள். எனக்குப் பதினொரு நாள் ஆனது, நடுவில் இரண்டு நாள் காய்ச்சல்.